29 எழுத்துச் சொல்லும் 18 வெள்ளி 90 காசும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கட்டைகளைப் போர்டில் அடுக்கி ஆங்கிலச் சொல் சேர்க்கிற ஸ்கிராபிள் ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்து இந்த நீளச் சொல் புத்தகத்தை வாங்கிவிடாதீர்கள், காசு வீண். என் மகன் இரண்டு வாரம் இதைத் தலைமாட்டிலேயே வைத்துத் தூங்கினான். பள்ளியில் நடந்த தேர்வு ஆட்டத்தில் தன்னைவிட ஒரு படிவம், அதாவது ஒரு வகுப்பு, கீழே படிக்கிற பையனிடம் 140 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுவிட்டு வந்தான். அப்படியும் புத்தகத்தை நான் தூக்கிப் போடவில்லை. அது இன்னும் டிவி மேசைமேல்தான் கிடக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் எடுத்துப் புரட்டுகிறார்கள், போன வாரம் கேஸ் தோம்பு கொண்டுவந்த தம்பிகூட வாசலில் நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் போனார்.

வாங்கியது மலேசியாவில், எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவில். ஊர்ப் பெயரை 2007இல் மாற்றினார்கள், எங்கள் வாயில் வருவது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. புத்தகக் கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், வாசலில் பள்ளிக் காலணி, சுவரில் பள்ளிச் சின்னங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் கற்பூரமும் ஊதுபத்தியும், மூலையில் எப்போதும் சூடாக இருக்கும் ஒரு போட்டோஸ்டேட் மிஷின், இத்தனையையும் தாண்டிப் போனால் ஒரே ஒரு அலமாரியில் புத்தகம். மகன் படிவம் இரண்டு, பள்ளி ஸ்கிராபிள் குழுவில் சேரப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான், சரி என்று அழைத்துப் போனேன். “அண்ணே, இது நல்லா ஓடுது, எடுத்துக்குங்க” என்றார் கடைக்காரத் தம்பி. அட்டையில் விரலை வைத்தால் கோடு விழும் அளவுக்குத் தூசி. ஓடுகிற புத்தகத்தில் தூசி எப்படிப் படியும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. விலை 18 வெள்ளி 90 காசு, ஒரு வெள்ளி 90 காசைக் குறைத்துக் கொடுத்தார்.

புத்தகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நிறையக் குறை சொல்லப் போகிறேன். நீளமான, யாரும் பேசாத ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, சொல் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கை அகலம், இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை எழுத்து, எப்படி உச்சரிப்பது, என்ன அர்த்தம், கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அந்த வாக்கியங்களை எழுதியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். எல்லா வாக்கியத்திலும் ஜான் என்று ஒருத்தன் வருகிறான், ஜான் தன் மாமாவிடம் அந்தச் சொல்லைச் சொல்கிறான், மாமா ஆச்சரியப்படுகிறார். அவ்வளவுதான். மாமா கடைசிப் பக்கம் வரைக்கும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கிறார்.

முக்கியமான கோளாறு கணக்கில் இருக்கிறது. ஸ்கிராபிள் போர்டு 15க்கு 15, மொத்தம் 225 கட்டம். கையில் ஒரு நேரத்தில் ஏழு எழுத்துக்கட்டை, அதற்கு மேல் கிடையாது. அதாவது எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் 15 எழுத்துக்கு மேல் ஒரு சொல்லை வைக்கவே முடியாது, அந்த 15கூட ஏற்கெனவே போர்டில் கிடக்கிற எழுத்துகளோடு ஒட்டவைத்தால்தான். இந்தப் புத்தகத்தில் பாதிக்குப் பாதி 16 எழுத்துக்கு மேல்! சொல் விளையாட்டுக்கு என்று அட்டையில் போட்டவர் போர்டைக் கண்ணால் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

ஆனால் அந்த நீளச் சொற்களில்தான் கூத்தே. முதல் நாள் ராத்திரி மகன் பிடித்துக்கொண்டது ஃபிளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன். 29 எழுத்து. ஒன்றை மதிப்பில்லாதது என்று ஒதுக்கித் தள்ளுவது என்று அர்த்தம். முன்பாதியில் இருப்பவை நான்கு லத்தீன் சொற்கள்: கம்பளித் துணுக்கு, அற்பம், ஒன்றுமில்லை, மயிர். நாலுமே கால் காசு பெறாதது என்ற பொருளில் லத்தீன்காரர்கள் சொல்வது. அதை அவன் படித்துக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, துரும்பாக மதிக்கவில்லை, மயிருக்குச் சமானம் என்று நம் ஆட்கள் கோபம் வந்தால் சொல்வதைத்தான் அவர்கள் நாலு முறை அடுக்கி, வாலில் ஒரு ‘ஃபிகேஷன்’ ஒட்டியிருக்கிறார்கள். 1741லேயே ஒரு கடிதத்தில் இருக்கிறதாம் இந்தச் சொல்.

அப்புறம் அவன் செய்த வேலைதான் வேலை. பாயை விரித்து, கட்டைகளை எல்லாம் கொட்டி, அந்தச் சொல்லைத் தரையில் அடுக்க ஆரம்பித்தான். ஸ்கிராபிளில் மொத்தம் 100 கட்டை. ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து ஒன்பது. இந்தச் சொல்லுக்கு வேண்டிய ‘ஐ’ எத்தனை என்று எண்ணினால் அதுவும் ஒன்பது, ஒன்றுகூட மிச்சமில்லை. ‘சி’ நாலு வேண்டும், பெட்டியில் இருப்பது இரண்டு, சரி முடிந்தது கதை என்று நான் எழுந்தேன். “இருங்கப்பா, வெற்றுக் கட்டை ரெண்டு இருக்கு” என்றான். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம் என்ற அந்த இரண்டு வெற்றுக் கட்டையையும் ‘சி’ ஆக்கி வைத்தான், சொல் முடிந்துவிட்டது! ஒரே பெட்டியில் இதை எழுதிவிடலாம் என்பது புத்தகத்தில் இல்லை, ஆட்டத்தில் இதற்கு ஒரு புள்ளியும் கிடையாது, ஆனால் இரவு பதினொன்றரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் பாயைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் 45 எழுத்துச் சொல். நியூமோனோ அல்ட்ரா மைக்ரோஸ்கோபிக் சிலிக்கோ வால்கனோ கோனியோசிஸ், இதை மூச்சு விடாமல் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும். எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்கா தூசு நெஞ்சுக்குள் போய் வருகிற நுரையீரல் வியாதி. மூன்று போர்டை வரிசையாகப் போட்டால் 45 கட்டம், அச்சாகப் பொருந்தும், ஆனால் ‘சி’ மட்டும் ஆறு வேண்டும், ‘ஓ’ ஒன்பது வேண்டும், ஒரு பெட்டியில் இருக்கும் ‘ஓ’ எட்டுதான், ஆக இது நடக்காது. இந்தச் சொல்லுக்குப் புத்தகம் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, ஏதோ மருத்துவர்கள் தினமும் பயன்படுத்துகிற மாதிரி எழுதியிருக்கிறது. அது தப்பு. 1935இல் அமெரிக்காவில் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் என்பவர், நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கட்டிவிட்ட சொல் இது. பிறகு அகராதிக்காரர்களும் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர்கள் சிலிக்கோசிஸ் என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். இந்தக் கதையை விட்டுவிட்டு ஜானையும் மாமாவையும் கொண்டுவந்தால் எப்படி? நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி நிறுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவன், ராத்திரி ஷிப்டில் செம்பனைக் குலை லோரி வராத நேரத்தில் கைப்பேசியில் தேடித்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்துத் திருச்சபையை அரசிடமிருந்து பிரிக்கக் கூடாது என்ற கொள்கையைக் குறிக்கிற 28 எழுத்துச் சொல்லும் உண்டு, ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம், எல்லாரும் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் ஒரே ஒரு தடவை எழுதிய 27 எழுத்துச் சொல் அப்படியில்லை. கௌரவம் பெறக்கூடிய நிலை என்று அர்த்தம். இதில் ஒரு மெய், ஒரு உயிர், ஒரு மெய், ஒரு உயிர் என்று கடைசி வரை மாறி மாறித்தான் எழுத்து வரும், புத்தகமும் அதைச் சரியாகச் சொல்கிறது. நான் சும்மா இருக்காமல் அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: ஹொனொரிஃபிகாபிலிடுடினிடாடிபுஸ். மெய்யும் உயிரும் மாறி மாறி வந்தால் நமக்கு அது உயிர்மெய் அல்லவா, எழுத்து பாதியாகிவிட்டது. ஆய்தத்தையும் சேர்த்து எண்ணினால் 15. போர்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தமிழில் மட்டும் ஒரு ஸ்கிராபிள் இருந்தால் ஷேக்ஸ்பியர் சொல்லை ஒரே வரியில் வைத்துவிடலாம் என்று மகனிடம் பெருமையாகச் சொன்னேன். மலாயில் சஹிபா என்று இதே மாதிரி ஓர் ஆட்டம் இருக்கிறது, அதைப் பள்ளியில் ஆடுகிறார்கள். “நம்ம 247 எழுத்துக்கும் கட்டை செஞ்சா பையில தூக்க முடியுமாப்பா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

இனி 15ம் அதற்குக் கீழேயும். இந்தப் புத்தகத்தை நான் ஏன் விற்கவோ தூக்கிப் போடவோ மாட்டேன் என்பது இங்கேதான் இருக்கிறது.

டெர்மடோகிளிஃபிக்ஸ். 15 எழுத்து, ஓர் எழுத்துகூடத் திரும்ப வராது. (பதிப்புரிமை வாங்க முடியாத என்று அர்த்தம் வரும் அன்காப்பிரைட்டபிள் என்பதும் அப்படித்தான், அதுவும் 15.) விரல், உள்ளங்கை, பாதத்தில் இருக்கிற ரேகைகளைப் படிக்கிற படிப்பு, 1926இல் ஹரோல்ட் கம்மின்ஸ் என்ற அமெரிக்கர் வைத்த பெயர். மகன் இதைச் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான், என் அம்மா ஊஞ்சல் நாற்காலியில் இருந்தார்.

“என்னாய்யா அது, மருந்து பேரா?”

“இல்ல பாட்டி, கைரேகையப் பத்திப் படிக்கிறது.”

“அது எனக்கு இல்லியே” என்றார் அம்மா.

சும்மா சொல்லவில்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய், உளி பிடித்து, பால் வடியும் மங்கில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை விரலால் பிய்த்துப் பிய்த்து, ஸ்டோரில் ஆசிட் வாளியிலும் கை வைத்து, பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உரம் வீசப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கவுண்டரில் மைகாட் அடையாள அட்டைக்குப் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள், மிஷின் எடுக்கவில்லை. டிஷ்யூவில் துடைத்து வைத்தார், எடுக்கவில்லை. வலதுக்கு இடது, இடதுக்கு வலது, ஆறு ஏழு தடவை. கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, அம்மா கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மகன் பாட்டி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தான். பெருவிரல் இரண்டும் தேய்ந்த சவர்க்காரம் மாதிரி மழமழவென்று இருந்தன, ஆள்காட்டி விரலில் ரேகை இருக்க வேண்டிய இடத்தில் உளிக்காயத் தழும்புதான் குறுக்கே. ஒவ்வொரு விரலாகப் போய் இடது சுண்டுவிரலுக்கு வந்ததும், “இருக்கு பாட்டி! இங்க பாருங்க, சுழியே இருக்கு” என்று கத்தினான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் சுண்டுவிரலையே ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது அந்தச் சொல் அவருக்குத் தெரியும், ‘டெர்மா கிளிப்’ என்கிறார், பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டார். 18 வெள்ளி 90 காசில் பதினைந்து வெள்ளி அந்த ஒரு பக்கத்துக்கே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதியை நம்மிடமிருந்து போன சொற்களுக்குத் தரலாம் என்று பார்த்தால் புத்தகம் அங்கே சொதப்பிவிட்டது. மல்லிகடானி, 12 எழுத்து, நம் மிளகுத் தண்ணீர்தான் என்று சரியாகப் போட்டிருக்கிறது. கோரண்டம், எட்டு எழுத்து, மாணிக்கமும் நீலக்கல்லும் அடங்கிய கல்வகை, குருந்தம் என்பதிலிருந்து போனது, இதற்கு மூலமே போடவில்லை. கட்டமரான், ஒன்பது எழுத்து, நம் கட்டுமரம். இதைத் தென்கடல் தீவுவாசிகளின் சொல் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! அந்தப் பக்கத்தில் பேனாவால் அடித்துத் திருத்தி எழுதிவிட்டேன், என் வீட்டுப் பிரதியாவது சரியாக இருக்கட்டும். இத்தனைக்கும் நாங்கள் இருக்கிற ஊர் எது? 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட தோட்டம் இங்கேதான் இருக்கிறது, அதன் பெயர் தென்னமரம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னைமரம் என்று பெயர், அதுவும் தமிழில், ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. ஊர்ப் பெயர் என்பதால் ஸ்கிராபிளில் செல்லாது, இல்லையென்றால் தினமும் வைத்திருப்பேன்.

மலாய்ச் சொற்களும் புத்தகத்தில் குறைவு. நம் வெள்ளிக்கு மலாய்ப் பெயரான ரிங்கிட் ஸ்கிராபிளில் செல்லும் என்று மகனுக்கு அவன் ஆசிரியை சொல்லித்தான் தெரியும். ஏழு எழுத்து, பெட்டியில் இருக்கும் ‘ஜி’ மூன்றில் இரண்டு இதற்கே போய்விடும், கட்டைகளில் போட்டிருக்கிற புள்ளியைக் கூட்டினால் வெறும் 9தான், ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும்போதே வைக்க முடிந்தால் நடுக்கட்டத்தில் இரட்டிப்பு, ஏழு கட்டையையும் ஒரே முறையில் வைத்ததற்கு 50, ஆக 68க்குக் குறையாது. கையில் இருக்கிற வெள்ளியை வைத்து 68 புள்ளி! இந்த மாதிரி விஷயம்தான் ஆடுகிறவனுக்கு வேண்டும், புத்தகத்தில் தேடினால் கிடையாது.

சரி, மகன் எப்படித் தோற்றான் என்ற கதைக்கு வருகிறேன். அவன் செஸ்க்விபிடேலியன் என்ற சொல்லுக்குக் காத்திருந்தான். ஒன்றரை அடி நீளம் என்பது அதன் லத்தீன் மூலம், நீளச் சொற்களைப் பேசுகிறவன், நீளமான சொல் என்று அர்த்தம், 14 எழுத்து, போர்டில் இடம் உண்டு. அதற்காகக் ‘க்யூ’வைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ‘யூ’ வரவேயில்லை. எதிரில் இருந்த சின்னப் பையன் இரண்டெழுத்து, மூன்றெழுத்தாகவே வைத்துக்கொண்டு போனான். எகிப்தியரின் ஆவி ‘கா’, கிரேக்க எழுத்து ‘க்ஸை’, யாக்கும் பசுவும் கலந்த மாடு ‘ஸோ’, ஹவாயின் கரடுமுரடான எரிமலைக் குழம்பு ‘ஆஆ’. ஒன்றை ஒன்றின் பக்கத்தில் ஒட்டி ஒட்டி வைத்தால் ஒரே முறையில் மூன்று சொல்லுக்குப் புள்ளி விழும். கடைசியில் கட்டை தீர்ந்தபோது மகன் கையில் ‘க்யூ’ அப்படியே இருந்தது, அந்தக் கட்டைக்குரிய பத்து புள்ளி கழிந்தது, அந்தப் பத்து அந்தப் பையனுக்கும் போனது. ‘யூ’ இல்லாமலே ‘க்யூ’வை இறக்க ‘சீ’ என்று ஒரு இரண்டெழுத்துச் சொல் இருக்கிறது, சீனர்கள் சொல்கிற உயிர்மூச்சு, ‘க்யூ’வும் ‘ஐ’யும் சேர்ந்தால் முடிந்தது. எங்கள் வரிசையிலேயே மூன்று சீனர் வீடு இருந்தும் எங்களுக்கு அது தெரியவில்லை. புத்தகம் நீளச் சொல்லுக்கு மட்டும்தானே.

அதற்குப் பிறகு ஆசிரியை ஒரே ஒரு தாள் கொடுத்தார், இரண்டு பக்கமும் அச்சு, போட்டோஸ்டேட் எடுத்தால் இருபது காசு. ஒரு பக்கம் இரண்டெழுத்துச் சொற்கள், நூற்றுக்கும் மேல். மறு பக்கம் ஆறெழுத்துச் சொல்லோடு ஒன்றைச் சேர்த்து ஏழாக்கும் வழி. விழித்திரைக்குச் சொல்கிற ரெட்டினாவோடு ‘எஸ்’ சேர்த்துக் கலைத்துப் போட்டால் ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், கிரேக்கர்களின் பிசின் வாடை ஒயினான ரெட்சினா என்று வந்துகொண்டே இருக்கிறது. இப்போது அவன் படிப்பது இந்தத் தாளைத்தான்.

பெரிய ஆட்டக்காரர்கள் கதையும் இதைத்தான் காட்டுகிறது. கோலாலம்பூரில் குடியிருக்கிற நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், உலகப் போட்டியில் பலமுறை ஜெயித்தவர், 2015இல் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வாங்கினார். அவருக்கு அர்த்தம் வேண்டியதில்லை, எழுத்து வரிசை போதும். 2007இல் மும்பையில் இறுதிச் சுற்றில் அவரோடு மோதி இரண்டாம் இடம் வந்தவர் நம் மலேசியர் கணேஷ் அசீர்வாதம். அதைச் சொன்னதும் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். புள்ளிச் சாதனைகளும் 29 எழுத்தில் வந்ததில்லை. 1982இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னா ஒரே முறையில் 392 எடுத்தது மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர்களைக் குறிக்கும் கசீக்ஸ் என்ற சொல்லில், 2006இல் அமெரிக்காவில் மைக்கேல் கிரெஸ்டா 365 எடுத்தது டான் குவிக்சோட்டின் பெயரில் பிறந்த குவிக்சட்ரியில். இரண்டுமே எட்டெழுத்து. குவிக்சட்ரி புத்தகத்தில் இருக்கிறது, மற்றது இல்லை.

அச்சு சுமார். தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து தெரிகிறது, ஆனால் எழுத்தளவு பெரிது, அம்மாவே தூரத்திலிருந்து எண்ணுகிறார். பசை ஒட்டு ஒரு மாதத்தில் விட்டுவிட்டது, ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். படிவம் ஒன்று, இரண்டில் படிக்கிற பிள்ளை இருந்து, ஆங்கிலம் என்றாலே ஓடுகிற பிள்ளையாக இருந்தால் வாங்கிக் கொடுங்கள், சிரிக்கவாவது உட்காரும். போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு அந்த இருபது காசுத் தாள் போதும். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று.

கடையில் இன்னும் இரண்டு பிரதி கிடக்கிறது. எடுத்தால் அங்கேயே நடுவில் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள், என் பிரதியில் 81ஆம் பக்கத்திலிருந்து 96 வரை தலைகீழாக ஒட்டியிருக்கிறது, மாற்றிக் கேட்டதற்குக் கடைக்காரத் தம்பி “திருப்பிப் பிடிச்சுப் படிங்கண்ணே, ஒண்ணும் ஆகாது” என்றுவிட்டார்.